வெண்ணெய் ரோஜா

டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அதன் அடிப்பக்கத்தில் மைதாப் பசையால் ரோஜா போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"என்னா இது, முட்டக்கோஸா?"

"ரோஜா."

"ஜானகியம்மா வூட்டுல போயி இத ரோஜான்னு சொல்லி வெக்காத. சிரிப்பாங்க."

பசையை வழித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். வெண்ணெயில் பழகச் சொல்லியிருந்தது புத்தகம். பழகுவதற்கு வெண்ணெய் தரும் வீடுகளுக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. எங்கள் வீட்டில் கிடைத்தது சுவரொட்டி ஒட்டுகிற பசைதான். கிட்டத்தட்ட அதே கெட்டி. காய்ந்தால் மட்டும் நகத்தால் சுரண்ட வேண்டும்.

புத்தகத்தை எழுதியவர் சென்னைக்காரர். அட்டையில் மூன்றடுக்குக் கேக்கை ஏந்திக்கொண்டு சிரிக்கிறார். பட்டுப் புடவையில் ஒரு துளி மைதா கிடையாது. "முதல் நாளிலேயே உங்கள் கையில் ரோஜா மலரும்" என்று முன்னுரையில் சொல்கிறார். கல்லூரியில் வேதியியல் வினாடி வினாவில் இரண்டாம் பரிசாக இது எனக்குக் கிடைத்தது. முதல் பரிசு வாங்கியவனுக்கு ஹாட் பாக்ஸ். சிறப்பு விருந்தினராக வந்தவர் இதே அம்மாள்தான். விற்காத பிரதிகளைக் காரில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெண்களுக்குச் சமையலறைதான் முதல் ஆய்வகம் என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பிறகு புத்தகம் எங்கள் வீட்டு ஷோகேஸில், பிளாஸ்டிக் பூ ஜாடிக்கும் அண்ணன் வாங்கிய கபடிக் கோப்பைக்கும் நடுவில் நின்றது. யாரும் திறக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள்.

முதலில் வந்தவர்கள் பொண்ணு ஊமையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் கேட்காமலே போனார்கள். நான் ஊமை இல்லை. ஆட்கள் கூடினால் எனக்குத் தொண்டைக்குக் கீழே வாக்கியம் முழுதாக இருக்கும், மேலே வராது. மூன்றாவதாகப் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்தான் அறிவழகன். எம்.எஸ்ஸி. வேதியியல். ஓசூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. இரண்டு பேரும் கெமிஸ்ட்ரி என்பதால் ஜாதகம்கூட அவ்வளவாகத் தேவையில்லை என்று தரகர் சொல்லியிருந்தார். காபி கொண்டுபோய் வைத்தபோது அவன் என்னைப் பார்த்து, "பென்சீன் ஃபார்முலா என்னங்க?" என்று கேட்டான். அவன் வீட்டார் சிரித்தார்கள். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்ததை நான் சொல்லாமல் நின்றேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. கேள்வி கேட்டு, பதில் வராத இடத்தில் உட்கார்ந்திருப்பது சில ஆண்களுக்குச் சௌகரியமாக இருக்கும்போல.

அம்மாதான் பாய்ந்தாள். "கூச்சம்ங்க. மத்தபடி எல்லா வேலையும் செய்வா. புக்கப் பாத்தே கேக்கு செய்வாங்க!" என்று ஷோகேஸைக் காட்டினாள்.

அதுவரை நான் ரவா கேசரிகூடக் கட்டி தட்டாமல் கிண்டியதில்லை.

அறிவழகனின் அம்மா ஜானகியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! பங்குனிக் கடைசியில பையனுக்குப் பொறந்த நாளு. நீங்கெல்லாம் வூட்டுக்கு வாங்க. நம்ம மருமவ கையால கேக்கு. அன்னைக்கே பேசி முடிச்சு வைகாசியில நிச்சயத்த வெச்சுக்கலாம்."

அவர்கள் போன பிறகு அம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "கனி, நீ பேசவே வேணாம். கேக்கு நல்லா இருந்தாப் போதும். இதும் போச்சுன்னா அப்புறம் எங்களால ஆவாது." அப்பா சென்னப்பன் தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர் மாதிரி எழுந்து வெளியே போனார். தண்ணீர் அன்று எங்கள் முறை இல்லை.

அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். புத்தகம் முழுவதும் 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று வருகிறது. யாருடைய அறை? எங்கள் சமையலறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பங்குனியில் மதியம் வெண்ணெயை வெளியே வைத்தால் அது எண்ணெய். அந்த அம்மாளின் ரோஜாக்கள் ஏசி போட்ட அறையில் மலர்ந்தவை. அதை அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை, ஏசி இல்லாத அறை ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. பாதி வெண்ணெய், பாதி டால்டா என்று மாற்றினேன். உருகுநிலை கொஞ்சம் ஏறியது. விடிவதற்குள் அடித்து ஃபிரிட்ஜில் வைத்தால் இதழ் நின்றது. கேக்கை ஓவன் இல்லாமல் குக்கரில் மணல் கொட்டி, கேஸ்கட்டைக் கழற்றிவிட்டு வேகவைத்தேன். முதலில் வந்தது அடியில் கருகியது. அடுத்தது நடுவில் வேகவில்லை. அப்பா இரண்டையும் டீயில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "பன்னு மாதிரி இருக்குது" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

தருமபுரியில் வாங்கிய, கிரீம் பிழிகிற நாசிலைப் பால் கவரின் முனையில் பொருத்திப் பிழிய வேண்டும். அகலமான பக்கம் கீழே, குறுகிய பக்கம் மேலே. முதலில் ஒரு மொட்டு. அதைச் சுற்றி மூன்று இதழ், ஒன்றன் மேல் ஒன்று கால்வாசி ஏறி. பிறகு வெளிச்சுற்று, நாசிலைக் கொஞ்சம் சாய்த்து. வலது கை பிழியும்போது இடது கை டம்ளரைத் திருப்ப வேண்டும். இரண்டில் எது முந்தினாலும் முட்டைக்கோஸ். ஒரு நாள் காலையில் இரண்டும் சேர்ந்து போயின. இதழின் ஓரம் பிய்யாமல், மெல்லிசாக, தானாகச் சுருண்டு நின்றது. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அட்டையில் இருந்த அம்மாளின் ரோஜாவைவிட நன்றாக இருந்தது. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. பென்சீன் கேள்வி கேட்டவனுக்காகவும் என்னை மாடு பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போன அவன் அம்மாவுக்காகவும் ஒரு ரோஜா போட்டுவிட்டு அதற்காகச் சந்தோஷப்படுகிறேன். ஜானகியம்மாள் என்ன சொல்வாள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். நல்லதாகத்தான் சொன்னாள், ஒவ்வொரு முறையும்.

பிறந்த நாளன்று கேக்கை மிக்சி வந்த அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் ஈரத்துணி கட்டி, மடியில் ஏந்திக்கொண்டு ஆட்டோவில் போனேன். வெள்ளைப் பூச்சு, ஓரத்தில் சிப்பி சிப்பியாக ஒரு வரிசை, நடுவில் இளஞ்சிவப்பு ரோஜாக்கள் கொத்தாக. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அப்பா டிரைவரிடம், "மெதுவா, தம்பி, பிள்ளத்தாச்சி மாதிரி" என்றார். அம்மா அவரை முறைத்தாள்.

ஜானகியம்மாள் வீட்டில் கூடம் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி. டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கம் பக்கத்துப் பெண்கள், அறிவழகனின் அக்கா கவிப்பிரியா, அவள் இடுப்பில் இன்னும் சரியாகப் பேச்சு வராத பெண் குழந்தை. அவன் புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் நின்றான். பெட்டியைப் பிரித்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கடையில வாங்கியாந்ததா?" என்றாள் கவிப்பிரியா. குத்திக் காட்டத்தான் கேட்டாள். என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாராட்டு அது.

"இல்லைங்க. அவளே செஞ்சது" என்று அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

கவிப்பிரியா மெழுகுவர்த்தியை எடுத்தாள். ஜானகியம்மாள் வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். "நம்ம வூட்டுல வெளக்க ஊதி அணைக்கிறதில்லன்னு தெரியாதா? பொறந்த நாளும் அதுவுமா." அந்த வீட்டில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கேக்கின் நடுவில் வெற்றிலை வைத்து, அதன் மேல் ஒரு வில்லை கற்பூரம் கொளுத்தி, அது தானாக எரிந்து அடங்கிய பிறகு வெட்டுவார்களாம். வருஷா வருஷம் அப்படித்தானாம். ஊதவும் வேண்டாம், ஊர் மாதிரி கேக் வெட்டாமல் இருக்கவும் வேண்டாம்.

"இன்னைக்கு சம்பந்தி வூட்டுக் கேக்கு" என்றாள் ஜானகியம்மாள். டப்பாவிலிருந்து கை நிறையக் கற்பூரத்தை அள்ளி வெற்றிலையில் குவித்துப் பற்றவைத்தாள்.

தீ உயரமாக எழுந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கவிப்பிரியா செல்போனில் பிடித்தாள். எனக்கு வெற்றிலைக்கு அடியில் நடப்பதுதான் தெரிந்தது. முதலில் ஓரத்து ரோஜா பளபளத்தது. பிறகு இதழ்கள் தலை சாய்ந்தன. வெள்ளைப் பூச்சு இளகிக் குழியானது. வெற்றிலை வதங்கி ஒரு பக்கமாகச் சரிய, எரிந்ததும் எரியாததுமாக வில்லைகள் கிரீமுக்குள் இறங்கின. தீ அவிந்தது. கூடம் முழுக்கக் கோயில் வாசனை.

"தானா அணைஞ்சிடுச்சு. நல்ல சகுனம்" என்று ஒருத்தி சொன்னாள்.

ஜானகியம்மாள் விரலால் துழாவி, கிடைத்த ஒன்றிரண்டு வில்லைகளை எடுத்துத் தட்டில் போட்டாள். கரியை வழித்து, சாய்ந்த ரோஜாவை நிமிர்த்தி வைத்தாள். கிடைக்காததைத் தேடவில்லை. கிடைத்திருக்காது. கற்பூரம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். இளகிய கொழுப்பில் இன்னும் சீக்கிரம். அது வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று எங்கள் பேராசிரியை ஒரு வகுப்பு முழுக்கச் சொன்னார். பெரியவர்களுக்கு வாந்தி, மயக்கம். குழந்தைகளுக்கு ஒரு வில்லையே அதிகம், வலிப்பு வரும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு பட்டம் வாங்கியவர்கள் அந்தக் கூடத்தில் இரண்டு பேர் இருந்தோம்.

நான் அறிவழகன் பக்கத்தில் போய் நின்றேன். அதுவே பெரிய காரியம். ஒரு பெண் சிரித்தாள்.

"சாப்பிட வேணாங்க" என்றேன். "கற்பூரம் உள்ள எறங்கிடுச்சு."

நான் அவனிடம் பேசிய முதல் வாக்கியம். அவன் கேக்கைப் பார்த்தான். தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு உதடு அசையாமல் சொன்னான். "தெரியுது."

"அப்ப சொல்லுங்க."

"கொஞ்சந்தான? ஒண்ணும் ஆவாது. அம்மா ஆசையாப் பண்ணது, சங்கடப்படுவாங்க. நீங்க எதும் பேசி வெக்காதீங்க."

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவனை மன்னித்திருக்கலாம். பெயிண்ட் டப்பாவில் என்ன எத்தனை சதவீதம் என்று அளந்து கையெழுத்துப் போடுகிறவன்.

ஜானகியம்மாள் நடுவில் இருந்த ரோஜாவை, குழிக்குப் பக்கத்தில் பாதி உருகிக் கிடந்ததை, விரல் நுனியால் அப்படியே பெயர்த்து எடுத்தாள். "மொதல்ல பாப்பாவுக்கு. அத்த செஞ்ச பூவு. ஆ காட்டு, தங்கம்." குழந்தை அம்மாவின் இடுப்பிலிருந்து வாயைத் திறந்துகொண்டு முன்னால் சாய்ந்தது.

தொண்டைக்குக் கீழே வாக்கியம் இருந்தது. வரவில்லை. கைதான் போனது. ஜானகியம்மாளின் விரல்களிலிருந்து ரோஜாவைப் பிடுங்கினேன். அது என் உள்ளங்கையில் நசுங்கிக் கூழானது. குழந்தையின் உதட்டில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது நாக்கை நீட்டியது.

"என்னாடி இது!" என்றாள் ஜானகியம்மாள். சம்பந்தி வீட்டுப் பெண் என்பது ஒரு நொடியில் போய்விட்டது.

"அது பூஜைக் கற்பூரங்க" என்றேன். இப்போது வந்தது, தேவைக்கு மேல் சத்தமாக. "வெண்ணெயில கரைஞ்சிருச்சு. கொழந்த வயித்துக்குள்ள போச்சுன்னா ஃபிட்ஸ் வரும்."

"பேசாத பொண்ணுன்னு சொன்னாங்க" என்று ஜானகியம்மாள் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். "பேசுனா நல்ல நாளும் அதுவுமா வாயில என்னா வருது பாருங்க. ஏம்மா, பெருமாள் கோயிலு தீர்த்தத்துல கற்பூரம் போடறாங்களே, அதக் குடிச்சவங்கெல்லாம் செத்தா போயிட்டாங்க?"

"அது பச்சக் கற்பூரங்க. அதும் துளிதான் போடுவாங்க. இது வேற."

"என்னா வேற? ரெண்டும் சாமிக்குத்தான?" அவள் மகன் பக்கம் திரும்பினாள். "டேய் அறிவு. இவ பி.எஸ்ஸி. நீ எம்.எஸ்ஸி. நீ சொல்லுடா."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அப்பாகூட நிமிர்ந்து பார்த்தார். அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எரிஞ்சதெல்லாம் ஆவியாப் போயிருக்கும்மா" என்றான்.

பொய் இல்லை. எரிந்தது போயிருக்கும். எரியாததைப் பற்றி அவனை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பிறகு, சபைக்கு நிரூபிக்கிறவன்போல, கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டான். குழியிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, நான் சிப்பி போட்டிருந்த கடைசி ஓரத்தில் வெட்டினான். சரியாக அளந்து வெட்டினான்.

"சூப்பரா இருக்குது" என்றான்.

"கனி, அத்தைகிட்ட மன்னிப்புக் கேளு" என்றாள் அம்மா. அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன். "கேளுடி. கால்ல வுழுந்து கேளு."

நான் பின்கட்டுக்குப் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழாய் இருந்தது. திறந்தேன். தண்ணீர் உள்ளங்கையில் முத்து முத்தாக உருண்டு ஓடியது, வெண்ணெய் அசையவில்லை. சோப்பு எங்கே இருக்கிறது என்று உள்ளே போய்க் கேட்க முடியாது. உள்ளே அம்மாவின் குரல் கேட்டது, மேலே ஏறி, உடனே இறங்கி. அந்தக் குரலில் அவள் பஞ்சாயத்து ஆபீஸில்தான் பேசுவாள். பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வைக்கிற சத்தமும் கேட்டது. ஒருவேளை எல்லோருக்கும் வெட்டிக் கொடுக்கிறார்கள். ஒருவேளை அப்படியே எடுத்து வைக்கிறார்கள். அந்தப் பெண்கள் சாப்பிட்டாலும் சாப்பிடுவார்கள். வாசனையை மறைத்துக்கொண்டு, நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு, தெருமுனை தாண்டியதும் துப்புவார்கள்.

செருப்புச் சத்தம் கேட்டது. கவிப்பிரியா குழந்தையோடு வந்தாள். என்னைப் பார்க்காமல் குழாய்க்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"எங்கம்மா கையத் தட்டிவுட்டவ இந்த வூட்டுல யாரும் கெடையாது" என்றாள். "ஒரு கேக்கு செஞ்சுட்டா பெரிய இதுன்னு நெனப்பா?"

நான் உள்ளங்கையைக் கல்லில் தேய்த்தேன்.

அவள் துப்பட்டா நுனியை நனைத்துக் குழந்தையின் உதட்டைத் துடைத்தாள். மறுபடி நனைத்துத் துடைத்தாள். விரலை உள்ளே விட்டு நாக்கை வழித்துப் பார்த்தாள். குழந்தை முகத்தைச் சுளித்து அழ ஆரம்பித்தது.

"எவ்வளவு போனா வரும்?" என்றாள். குரல் மாறியிருந்தது.

"கம்மியா இருந்தாலும் கொழந்தைக்குக் கஷ்டந்தாங்க. ஒதட்டுல பட்டதோட நின்னுச்சுன்னா பயம் இல்ல. முழுங்குச்சான்னு பாக்கணும்."

"எப்படிப் பாக்கறது?"

"வாயில வாசன வரும்."

அவள் குழந்தையின் வாயை முகர்ந்தாள். தலையை ஆட்டினாள். கற்பூரம் கொளுத்தியபோது பக்கத்திலேயே நின்றிருந்தவள். அவள் தலைமுடி, துப்பட்டா எல்லாம் அந்த வாசனைதான். அவளுக்கும் அது தெரிந்தது.

"எனக்குத் தெரியல. நீ பாரு" என்று குழந்தையை என் பக்கம் நீட்டினாள். "சீக்கிரம் பாரு. வண்டிச் சாவி எங்கிட்டதான் இருக்குது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா இப்பவே போயிரலாம்."

என் உள்ளங்கை முழுக்கக் கற்பூரம். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்கமாக மூடிக்கொண்டேன். அழுதுகொண்டிருந்த குழந்தையின் திறந்த வாய்க்கு நேராகக் குனிந்தேன். பால் வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன்.